ஒத்தி வேறு, கிரயம் வேறு

மதுரையில் வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிற ஒரு வீடு விலைக்கு வந்தால், தரகர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, பத்திரம் பேரு மாற நாளாகும். நீங்க இப்பவே ஒத்திக்கு உள்ள போயிருங்க. கிரயத்தை அப்புறம் பாத்துக்கலாம். உள்ள உக்காந்துட்டா யாரு வந்து எந்திரிக்கச் சொல்லப் போறா?" தரகர் மட்டும் இப்படிச் சொன்னால் அது அவர் தொழில் என்று விட்டுவிடலாம். மாமனார் சொல்கிறார், கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார், நாலு வீடு வாங்கி விற்ற பெரியவர் சொல்கிறார். வாடகைக்கோ, ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கோ முதலில் குடியேறிவிட்டால் பாதி வீடு வாங்கியாயிற்று என்பது எஸ்.எஸ்.காலனியிலிருந்து வில்லாபுரம் வரை, சோழவந்தானிலிருந்து மேலூர் வரை அனுபவ ஞானமாகவே பேசப்படுகிறது.

அது அடிப்படையிலேயே தவறு. கொஞ்சம் அவசரமான யோசனை, சற்றுக் கவனமாக இருந்தால் போதும் என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. குடியேறுவதால் வாங்குகிறவரின் கை ஓங்குவதில்லை, தாழ்கிறது. பெரியவர் போன வீட்டில், உரிமையுள்ள எல்லோருடைய கையெழுத்தும் ஒன்றுசேரும் நாள்வரை, உள்ளே இருப்பவர் வெறும் குடியிருப்பாளர். அந்த நாளுக்கு முன் அவர் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் அவரைத்தான் கட்டிப்போடுகிறது.

இந்த யோசனைக்கு ஏன் இத்தனை பேர் மயங்குகிறார்கள் என்பது புரியாததல்ல. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். இருக்கிற வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கையில் பத்துப் பன்னிரண்டு லட்சம் இருக்கிறது, மிச்சத்துக்கு வங்கிக் கடன் வேண்டும், வங்கியோ பத்திரம் தெளிவாக இல்லை என்கிறது. அந்தப் பக்கம் வீடு பூட்டிக் கிடக்கிறது, கதவு கரையான் அரிக்கிறது, வாரிசுகளுக்கும் ஏதாவது பணம் வந்தால் நல்லதாக இருக்கிறது. இரண்டு தரப்பின் அவசரமும் பொருந்திப் போகிற இடத்தில் ஒத்தி பிறக்கிறது. அவசரம் உண்மையானது. அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் கெடுதல்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்த வீட்டை உங்களுக்கு விடுவது யார்? இங்கிலாந்தில் ஒருவர் உயில் எழுதிவைத்து இறந்தால், அதில் குறித்த நிறைவேற்றாளர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயிலை மெய்ப்பிக்கும் சான்று) வாங்கிக்கொண்டு சொத்து முழுவதற்கும் பொறுப்பாளராக நிற்கிறார். கடன் அடைப்பது, வாடகைக்கு விடுவது, விற்பது எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். அங்கே ஒருவர் 'புரொபேட் முடியும்வரை வாடகைக்கு இருக்கிறேன், முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்' என்று பேசினால் அதில் பொருள் இருக்கிறது. எதிரே பேச அதிகாரமுள்ள ஓர் ஆள் இருக்கிறார். நம்முடைய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேற்றாளருக்கு அந்த அதிகாரத்தைத் தரத்தான் செய்கிறது. ஆனால் இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட்டைக் கட்டாயமாக்கியபோது அந்தச் சட்டம் சென்னை, பம்பாய் மாநகரங்களோடும் வங்காளத்தோடும் நின்றுகொண்டது. மதுரையில் எழுதப்பட்ட, மதுரைச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. இங்கே உயில் எழுதுகிறவர்களே குறைவு; எழுதினாலும் நிறைவேற்றாளர் என்று ஒருவரைக் குறிப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆக, இறந்தவரின் சொத்துக்கு முகமாக நிற்க இங்கே யாரும் இல்லை.

வீட்டுக்காரர் கண் மூடிய அந்த நிமிடமே வீடு பல கைகளுக்குப் போய்விடுகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் போன ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோருக்கும் சமபங்கு. முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களின் பிள்ளைகள் அந்தப் பங்குக்கு வருவார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ உள்ள முஸ்லிம் குடும்பம் என்றால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. கணக்கு எதுவானாலும், சாவி வைத்திருப்பவர் ஒருவரே வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை. நாம்தான் அவரை வீட்டுக்காரராக்கிக் கொள்கிறோம்.

அப்படி எழுதப்படும் ஒத்திப் பத்திரம் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மேலே இருபது ரூபாய் முத்திரைத்தாள், பின்னால் பச்சைத் தாள்கள் இரண்டு. முதல் தரப்பினர் என்ற இடத்தில் உள்ளூரில் இருக்கும் மூத்த மகன் பெயர். 'என் தகப்பனாருக்குப் பாத்தியப்பட்டு, அவர் காலத்துக்குப் பின் என் அனுபவத்தில் இருந்து வருகிற' என்று ஒரு வரி. தொகை எண்ணிலும் எழுத்திலும். தவணை பதினொரு மாதம். கரண்ட் பில் குடியிருப்பவர் பொறுப்பு, வீட்டு வரி வீட்டுக்காரர் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில், இடம் மிஞ்சியதால் சேர்த்த மாதிரி இன்னொரு வரி: 'மேற்படி வீட்டை விற்கும் பட்சத்தில் இரண்டாம் தரப்பினருக்கே கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்.' விலை இல்லை. தேதி இல்லை. சாட்சிகள் இரண்டு பேர், அதில் ஒருவர் தரகர். அம்மாவின் கைநாட்டு இல்லை, திருப்பூரில் இருக்கும் தங்கையின் கையெழுத்து இல்லை, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குச் சேதியே போகவில்லை. இந்த ஒரு வரியைத்தான் "அக்ரிமென்ட் போட்டாச்சு" என்று ஊருக்குச் சொல்கிறார்கள். விலை குறிக்காத அந்த வரியைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கிரயம் கேட்பது ஏறக்குறைய ஆகாத காரியம்.

விவரமானவர்கள் இதைவிட நன்றாகவே செய்கிறார்கள் என்பதும் தெரியும். விலை குறித்து, அட்வான்ஸ் தொகையை வங்கி மூலம் கொடுத்து, கிரய ஒப்பந்தம் தனியாக எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்து மட்டும் பெரிய மகனுடையது. "அவர் பேச்சைத் தாண்டி அந்த வீட்டில் யாரும் போகமாட்டாங்க" என்பது அதற்கான சமாதானம். இங்கேதான் நான் எல்லோரையும் நிறுத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். திருநகரில் ஒரு வீடு, விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். நாலு பங்கு, ஆளுக்குப் பதினைந்து லட்சம். பெரிய மகன் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, இருபது லட்சம் வாங்கிவிட்டார். தன் பங்கின் மதிப்பைவிட ஐந்து லட்சம் கூடுதலாக அவர் கைக்குப் போய்விட்டது. மற்ற மூன்று பேரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

2018 அக்டோபரிலிருந்து குறித்தவகைத் தீர்வுச் சட்டம் மாறிவிட்டது, ஒப்பந்தம் இருந்தால் நீதிமன்றம் கிரயம் செய்து கொடுக்கச் சொல்லியே ஆக வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். நீதிமன்றத்தின் விருப்புரிமை குறைந்தது உண்மைதான். ஆனால் தீர்ப்பு யாரைக் கட்டும்? கையெழுத்துப் போட்டவரை மட்டும். அதிகபட்சம் அவருடைய நாலில் ஒரு பங்கு உங்கள் பெயருக்கு வரும். நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு எந்த அறையில் படுப்பது? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியருக்கு, மற்றவர்களோடு கூட்டாக வீட்டை அனுபவிக்கும் உரிமை கிடையாது. சரி, பாகம் பிரித்துக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு காத்திருக்கிறது. குடும்பத்தில் பங்குள்ள ஒருவர் முன்வந்து, நீதிமன்றம் போடும் மதிப்புக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொண்டு உங்களை வெளியே அனுப்பலாம். அதற்கும் முன்னதாக, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால் அதை வாங்கிக்கொள்ள மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. மூன்று சட்டங்களும் ஒரே திசையில் நிற்கின்றன: இறந்தவரின் குடும்பத்துக்கும் அதன் வீட்டுக்கும் நடுவில் வெளியாள் பங்குதாரராக நுழைவதைச் சட்டம் விரும்பவில்லை. "உள்ளே போய் உட்கார்ந்துவிடு" என்று யோசனை சொல்பவர்களுக்கு இந்த மூன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

அடுத்தது சுவாதீனம். நம் ஊரில் இதன்மேல் இருக்கிற நம்பிக்கை கோயில் நம்பிக்கைக்கு நிகரானது. குடியிருப்பவனை எழுப்ப முடியாது, பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கே என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு வருஷக் கணக்கு எதிரிடை அனுபவத்துக்கு உரியது. உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவர் அறியும்படி வெளிப்படையாக அனுபவித்தவருக்கு உரியது. வாடகைக்கோ ஒத்திக்கோ வந்தவர் அனுமதியோடு வந்தவர். எத்தனை வருஷம் இருந்தாலும் அது அனுமதிதான். குடிவந்த காலத்தில் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று குடியிருப்பவர் வாதாடவே கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 122-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குடியிருப்பவனை எழுப்ப முடியாது என்பதும் பழைய நினைவு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் வழக்குகள் தலைமுறை கடந்தன, உண்மை. அந்தச் சட்டம் இன்று இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் எழுதத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. இருபது ரூபாய்த் தாளை நம்பி உட்கார்ந்திருப்பவரின் நிலை அந்தப் பழைய குடித்தனக்காரர்களின் நிலை அல்ல.

"நான் வெறும் குடியிருப்பவன் இல்லை, வாங்குவதற்கு ஒப்பந்தம் போட்டுச் சுவாதீனம் எடுத்தவன்" என்று சொன்னால்? அதற்கும் வழி இருக்கிறது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு. ஆனால் 2001 செப்டம்பர் 24-க்குப் பிறகு பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏற்கெனவே குடியிருப்பவராக இருந்தவர், ஒப்பந்தத்தின் பேரில்தான் தொடர்ந்து இருக்கிறார் என்பதையும், அதை நிறைவேற்ற ஏதாவது செய்தார் என்பதையும் காட்ட வேண்டும். மாதாமாதம் வாடகை கட்டிய ரசீது அவருக்கு எதிராகவே பேசும்: ஐயா, நீர் குடித்தனக்காரர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதே கட்டாயம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா வழக்கில், சொன்னதை எடுத்துக்காட்டி, "பாருங்கள், பதிவே வேண்டாம்" என்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வழக்கின் வாசலைத்தான் திறந்து வைத்தது. ஒப்பந்தம் இருந்தது என்று நிரூபிக்க அந்தத் தாள் உதவலாம். குடியிருப்பைக் காக்க உதவாது.

சட்டத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். நீங்கள் குடியேறிய அன்று வாரிசுகளின் அவசரம் தீர்ந்துவிட்டது. கையில் பணம் வந்தாயிற்று, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் வந்தாயிற்று. இனிமேல் பத்திரத்துக்காக அலைய அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? உங்கள் அவசரமோ அன்றுதான் தொடங்குகிறது. மோட்டாரை மாற்றுகிறீர்கள், ஒழுகும் மாடிக்குத் தளம் போடுகிறீர்கள், பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறீர்கள், பால் காய்ச்சிச் சொந்தபந்தங்களுக்குச் சாப்பாடும் போட்டாயிற்று. இதையெல்லாம் வாரிசுகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய கடைசி ஆளுக்கு உங்கள் நிலை தெரியும்: இவர் இனி எழுந்து போகமாட்டார். பேசிய விலை அங்கேதான் உடைகிறது. ஐந்து லட்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுவோம் என்று வீட்டில் இரவெல்லாம் கணக்குப் போடுகிறவர் வாங்குகிறவர்தான். வெளியே நின்று, "எல்லோரும் சேருங்கள், அன்றைக்குப் பணத்தோடு வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பமே ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுச் சேர்ந்திருக்கும். பணம் வெளியே இருக்கும்போதுதான் வாரிசுகள் ஒன்றுகூடுகிறார்கள்.

ஒத்தியில் கொடுத்த தொகையின் கதி என்ன? சொத்தைப் பிணையாக வைத்து, சுவாதீனத்தையும் கொடுத்துப் பணம் வாங்குவது சட்டப்படி ஓர் அடமானம். நூறு ரூபாய்க்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒத்தியில் நீங்கள் கொடுத்த தொகைக்கு வீடு பிணை இல்லை, வாங்கியவரின் நாணயம்தான் பிணை. பதிந்தாலும், ஒரு வாரிசு எழுதிக்கொடுத்தது அவர் பங்கை மட்டுமே பிணைக்கும். காலமானவர் தன் கடைக்கோ மகன் தொழிலுக்கோ மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தால், அந்தக் கடன் உங்களுக்கு முன்னால் நிற்கும். வங்கிக் கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி நீதிமன்றம் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். மதுரையில் ஒத்திக்குப் போனவர்கள் வாசல் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். சாவி வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

விலையைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்பதும் பொய்யான ஆறுதல். கிரயம் செய்து கொடுக்கக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருஷம். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, குறிக்காவிட்டால் மறுத்தது தெரிந்ததிலிருந்து. உள்ளே இருப்பவர், வீட்டில்தானே இருக்கிறோம் என்று அந்த மூன்று வருஷத்தையும் நிம்மதியாகக் கடத்திவிடுகிறார். அந்தக் காலம் முழுக்கத் தான் பணத்தோடு தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததை நிரூபிக்க வேண்டியதும் அவரே. வங்கிக் கடனை நம்பியிருந்தவருக்கு, வாரிசுகள் சேராதவரை கடன் இல்லை; கடன் இல்லாதவரை தயார்நிலையைக் காட்டுவது கடினம். நகரத்துச் சொத்து விலை வேகமாக ஏறும் காலத்தில், தவணையைத் தாண்டிவிட்டு வருஷக் கணக்கில் பழைய விலையைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீதிமன்றங்கள் பழையபடி கண்டுகொள்ளாமல் விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் சொன்னது. அதுவும் நம் மாநிலத்து நிலத்தைப் பற்றிய வழக்குதான்.

"ஈசி போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது" என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும் வரும். பதியாத உயில் வராது, வாரிசுகள் எத்தனை பேர் என்பது வராது, ஏற்கெனவே இன்னொருவருக்கு இருபது ரூபாய்த் தாளில் எழுதிக்கொடுத்த ஒத்தி வராது, நடக்கிற பாகப்பிரிவினை வழக்கை யாரும் பதியாவிட்டால் அதுவும் வராது. பட்டாவும் மாநகராட்சி வரி ரசீதும் உரிமைப் பத்திரங்கள் அல்ல. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் என்று சொல்லும் பட்டியல். மிக அவசியமான பட்டியல்தான், ஆனால் பங்கைத் தீர்மானிக்காது. பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்பதும் இல்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவாளரின் வேலை அல்ல என்று தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதாக்கி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. தகப்பனார் உயிரோடு இருந்தபோது மகனுக்குக் கொடுத்த பவர் பத்திரத்தைக் காட்டி விற்க வருகிறவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்த அன்றே பொதுவாக அந்தப் பவரும் போயிற்று.

உயில் இருக்கிற வீடுகளில் இன்னொரு வாதம் வரும்: மதுரைக்குப் புரொபேட் தேவையில்லை, பதிவு செய்த உயில் கையில் இருக்கிறது, போதும். கட்டாயம் இல்லை என்பதை, நிரூபிக்க வேண்டியதில்லை என்று படித்துக்கொள்கிறார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு செய்த உயிலானாலும், சவால் வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி நிரூபிக்க வேண்டும். எழுதியவர் வயது என்ன, நினைவு தெளிவாக இருந்ததா, பயன் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்தாரா என்ற சந்தேகங்களைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது என்று 1958-இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து ஒரு மகள் வழக்குப் போடும்போது சாட்சிகள் உயிரோடு இருப்பார்களா? வாங்குகிறவருக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கட்டாயம் இல்லாத இடத்திலும் புரொபேட்டை மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம். சாட்சிகள் நடமாடும் காலத்திலேயே அதைச் செய்து தரச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், உயிலில் விடுபட்ட வாரிசுகளையும் கிரயப் பத்திரத்தில் சம்மதித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

மகள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஒத்தி வழக்கத்தின் அடியில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: பெண்பிள்ளைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டுப் பேச்சில் அவளுக்கு என்ன வேலை? தகப்பன் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகளுக்கு மகனோடு சமபங்கு 1956-லிருந்து இருக்கிறது. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை குடியிருப்பு வீட்டில் அவள் பாகம் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு வாயடைத்து வைத்திருந்தது. 2005 செப்டம்பர் 9-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு, கொண்டுவந்தது. மத்தியச் சட்டம் 2005-இல் எல்லோருக்கும் விரித்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஐயமறத் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும் வீடு பார்க்க வருகிறவரிடம் "ரெண்டு பசங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி, மகளின் பெயரையே எடுக்காத தரகர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "தங்கச்சி ஒண்ணும் கேக்காது" என்கிறார்கள். அவர் கேட்கமாட்டார் என்றால் அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில் அவரே சொல்லட்டும். வாய்ச்சொல்லால் பங்கு விட்டுப்போவதில்லை. அவர் கேட்பார் என்றால், கேட்பது அவர் உரிமை; அவருடைய பதினைந்து லட்சத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவரை வில்லங்கம் என்று அழைப்பது அநியாயம்.

இவ்வளவு பார்த்தால் மதுரையில் வீடே வாங்க முடியாது என்று கடைசியாக ஒரு வாதம் வரும். முடியும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டால், பாகப்பிரிவினைகூட வேண்டாம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருவர் பெயரிலேயே வீட்டைக் கொண்டுவர விரும்பினால் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்குக் கிரயம் என்றால் வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையாக ஏழும் பதிவுக் கட்டணமாக இரண்டும் கட்டுகிறாரே, அதோடு பார்த்தால் இது பெரிய செலவல்ல. வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டுப் பவர் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையைக் கட்டிவிட வேண்டும். இறந்த மகனின் பிள்ளை மைனராக இருந்தால், தாய் கையெழுத்து மட்டும் போதாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தபின் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். பழைய நகர்ப்பகுதியில், மாசி வீதிகளை ஒட்டி, வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருக்கக்கூடும். அதைத் தனியே விசாரிக்க வேண்டும். இதெல்லாம் வேலைதான். ஆனாலும் மாதக் கணக்கில் முடிகிற வேலை. ஒத்தியில் புகுந்தவர் வழக்கில் செலவழிப்பது வருஷங்கள்.

வீடு பிடித்திருக்கிறது, தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று இருந்து பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இருந்து பாருங்கள், வாடகைக்கு. மாத வாடகையாக, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டோ, மற்றவர்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரிடமோ எடுத்து, வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். அந்தத் தாளில் கிரயத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். கிரய ஒப்பந்தம் தனியாக இருக்கட்டும்: எல்லா வாரிசுகளும் ஒப்பமிட்டது, விலையும் தேதியும் உள்ளது, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. அட்வான்ஸ் சிறிய தொகை, அவரவர் பங்குக்கு அவரவர் வங்கிக் கணக்கில். கிரயம் முடியும்வரை வீட்டில் ஆணி அடிப்பதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

வாரிசுகள் சேரவே மாட்டார்கள், அண்ணன் தம்பி பேச்சே இல்லை என்றால், அந்த வீடு இன்னும் விலைக்கு வரவில்லை. அவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முடித்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு. அந்த வழக்கு நடக்கும்போது உள்ளே புகுந்து ஒருவர் பங்கை வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வரப்போகும் தீர்ப்பு நீங்கள் வழக்கில் பேரில்லாதவராக இருந்தாலும் உங்களையும் கட்டும். "கேஸ் நடக்குது, அதான் விலை கம்மி" என்று தரகர் சொன்னால், அந்தக் குறைந்த விலை எதற்காக என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அட்வான்ஸைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.